சமூகவியல் மேற்படிப்பும் நமது சமுதாயமும்

வெள்ளி விழாக் காணும் நமது கல்விச் சங்கத்தின் வளர்ச்சியை இம்மலரின் பிற கட்டுரைகள் விரித்துரைக்கும். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் இளைஞர்கள் பட்டம் பெற்றபின் எத்துறையில் மேற்படிப்பு மேற்கொள்ளலாம் என்னும் வினா எழும்போதெல்லாம், பெற்றோரும் பெரியோரும் சட்டம், மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பயிற்சி என விரல்விட்டு எண்ணுவர். அரசுப் பணித் தேர்வுகளைச் சுட்டுவர். இதில் தவறேதும் இல்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதை அறியாதவரல்லர் நாம். ஆயினும், சமூகவியல் பயிலப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அதைப் படித்து என்ன செய்வாய் என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அக்கேள்விக்கு வரலாற்றிலிருந்து விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்கள் கூடி வாழும் முறை எது, அம்முறை எவ்வாறு தோன்றிற்று, அதில் ஒருவர் உயர்ந்தோராகவும் மற்றொருவர் தாழ்ந்தோராகவும் ஆனது எப்படி, அந்நிலை எதனால் நீடிக்கிறது, எதனால் மாறும் என்று ஆராயும் அறிவுத்துறையே சமூகவியல். இவ்வினாக்களை நம்மைக் காட்டிலும் உரிமையோடு கேட்கத்தக்கவர் யார்? ஆனால் நெடுங்காலம் இவ்வினாக்களை நம்மைப் பற்றிப் பிறரே கேட்டனர். விடையையும் பிறரே எழுதினர்.

அளக்கப்பட்ட மக்கள்

1901-ஆம் ஆண்டு இந்திய மக்கட்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. சாதி என்பது இன வேறுபாட்டின் விளைவு என்பது அவர் கொள்கை. மூக்கின் அகலத்தை அளந்தால் சாதியின் உயர்வு தாழ்வை அறியலாம் என்று அவர் எழுதினார். சென்னையில் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் தொகுத்த நூல் 1909-இல் 7 தொகுதிகளாக வெளிவந்தது. அத்தொகுதிகளில் நம் முன்னோரின் பழக்கவழக்கங்களும், சடங்குகளும், உடல் அளவுகளும் இடம்பெற்றுள்ளன. அவர்களுடைய கருத்தென்ன, தம் நிலையைப் பற்றி அவர்கள் எண்ணியதென்ன என்பதற்கு அங்கே இடம் அரிது. எண்ணம் இல்லாதவர் அல்லர் அவர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இலேயே தமது இதழைத் தொடங்கி, நம் மக்களின் வரலாறு இன்னதென்று வாரந்தோறும் எழுதிவந்தார். ஆனால் பண்டிதரின் எழுத்து அன்றைய ஆய்வுலகின் கதவுக்குள் நுழையவில்லை. அளவுகோல் ஏந்தியவரின் எழுத்தே அறிவியல் எனப்பட்டது.

அளக்கப்பட்ட மக்களிடையேயிருந்து ஒருவர் பல்கலைக்கழகத்தில் நுழைந்து, அளந்தவர்களின் கொள்கையையே ஆராய்ந்து தீர்ப்புக் கூறிய நாள் ஒன்று உண்டு. அது 1916-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள். இடம், நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம். அவர் அண்ணல் அம்பேத்கர்.

கொலம்பியாவில் ஒரு மாணவர்

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றிருந்த அண்ணல், 1913 பிப்ரவரியில் தந்தையை இழந்தார். அவ்வாண்டே பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகை அவருக்குக் கிட்டியது. மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகள். படிப்பு முடிந்தபின் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை. 1913 ஜூலையில் அவர் நியூயார்க் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22.

அங்கு அவர் பயின்ற பாடங்களின் பட்டியல் நம் இளைஞர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, இவற்றோடு பிரெஞ்சும் ஜெர்மனும் தொடக்க நிலையில் ஒவ்வொன்று. பட்டத்திற்கு எத்தனை பாடங்கள் போதும் என்று கணக்கிட்டுப் படித்தவரின் பட்டியலன்று இது. தாழ்த்தப்பட்டோரின் துன்பத்திற்குப் பொருளாதாரக் கூறு உண்டு, வரலாற்றுக் கூறு உண்டு, மணமுறையிலும் சமயத்திலும் வேர் உண்டு என்று உணர்ந்தவர் ஒரே துறையின் வேலிக்குள் நின்றுவிட மாட்டார்.

ஆசிரியர்களும் அத்தகையோரே வாய்த்தனர். பொருளியலில் எட்வின் செலிக்மன். தத்துவத்தில் ஜான் டூயி. வரலாற்றில் ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன். சமூகவியலில் பிராங்க்ளின் கிடிங்ஸ். மானிடவியலில் அலெக்சாந்தர் கோல்டன்வைசர். கிடிங்ஸ் 1894 முதலே கொலம்பியாவில் சமூகவியல் பேராசிரியராக விளங்கியவர். கோல்டன்வைசரோ பிரான்ஸ் போவாசின் மாணவர். மனித இனங்களில் பிறவியால் உயர்ந்தது தாழ்ந்தது என்பதில்லை என்று அந்நாளிலேயே வாதிட்டவர் போவாஸ். இந்தியாவில் அரசு அலுவலர்கள் மூக்களந்துகொண்டிருந்த அதே காலத்தில், கொலம்பியாவின் வகுப்பறைகளில் அக்கொள்கையின் அடித்தளமே ஆட்டம் கண்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

1915-இல் அண்ணல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதன் பின்னரே, கோல்டன்வைசரின் ஆய்வு வகுப்பில், இந்தியாவில் சாதிகள் என்னும் பொருள்பற்றிய தமது கட்டுரையைப் படித்தார். அஃது 1917 மே மாதம் இந்தியன் ஆண்டிக்வாரி என்னும் ஆய்விதழில் அச்சேறியது.

அக்கட்டுரை கூறியது யாது?

சாதியைப் பற்றி அதுகாறும் எழுதிய பேரறிஞர்களான செனார்ட், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேத்கர் ஆகிய நால்வரின் இலக்கணங்களையும் அண்ணல் முதலில் எடுத்து ஆராய்கிறார். தீட்டு என்பதோ, தொழில் என்பதோ, உடனுண்ணாமை என்பதோ சாதியின் உயிர்நிலையன்று என்று காட்டுகிறார். எல்லா அடையாளங்களையும் கழித்தபின் எஞ்சுவது ஒன்றே; அது தன் குழுவிற்குள்ளேயே மணம் முடித்தல் என்னும் அகமணம்.

அடுத்து அவர் கேட்கும் கேள்வி எளியது; ஆனால் அதுவரை எவரும் அவ்வளவு தெளிவாகக் கேளாதது. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமெனில் ஆண் பெண் எண்ணிக்கை ஒத்திருத்தல் வேண்டும். கணவன் இறந்தால் மனைவி மிகையாகிறாள். மனைவி இறந்தால் கணவன் மிகையாகிறான். மிகையானவர் வேலியைத் தாண்டாமல் தடுப்பது எப்படி? பெண்ணைக் கணவனின் சிதையில் ஏற்றினர். அல்லது கைம்மைக் கோலத்தில் ஆயுள் முழுதும் அடைத்தனர். ஆணை அவ்வாறு செய்ய மனமில்லை. ஆதலின் மணப்பருவம் எய்தாச் சிறுமியை அவனுக்கு மணமுடித்தனர். உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் தனித்தனி மூடப்பழக்கங்கள் என எண்ணியிருந்த உலகிற்கு, அவை மூன்றும் சாதி வேலியைக் காக்கும் ஒரே பொறியின் உறுப்புகள் என்று 25 வயது மாணவர் ஒருவர் காட்டினார்.

சாதியை மனு போன்ற ஒருவர் உண்டாக்கி மக்கள் தலையில் சுமத்தினார் என்பதையும் அவர் ஏற்கவில்லை. முதலில் தம் கதவை அடைத்துக்கொண்டோர் புரோகித வகுப்பார். அதனைக் கண்டு ஏனையோர் தாமும் அடைத்துக்கொண்டனர். சிலர் வெளியே தள்ளிக் கதவடைக்கப்பட்டனர். மேலோரைப் பார்த்துக் கீழோர் பின்பற்றும் இயல்பைப் பிரெஞ்சு அறிஞர் கேப்ரியேல் தார்தின் கருத்துத் துணைகொண்டு விளக்கினார். நிறமும் இனமுமே சாதிக்கு அடிப்படை என்ற மேலைநாட்டார் கூற்று மிகைப்பட்டது என்றும் மறுத்தார்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. பள்ளியில் கோணியை விரித்துத் தனியே அமர்ந்தவர் அவர். தண்ணீர்க் குழாயைத் தம் கையால் தொடவும் உரிமையற்றிருந்தவர். அத்துன்பங்களில் ஒன்றையும் அவர் அக்கட்டுரையில் எழுதவில்லை. துன்பத்தைச் சொல்லி இரக்கம் தேடாமல், துன்பத்தை விளைத்த பொறியைக் கழற்றிக் காட்டினார். பட்ட காயம் அவருக்குக் கேள்வியைத் தந்தது. பல்கலைக்கழகப் பயிற்சி அக்கேள்விக்கு முறையைத் தந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் அக்கட்டுரை பிறந்தது. மேற்படிப்பின் பயன் யாது என்று கேட்போர்க்கு இதனினும் மேலான விடை நம்மிடம் இல்லை.

பட்டமும் பரோடாவும்

இனி, மேற்படிப்பு எல்லாத் துன்பத்தையும் தீர்க்கும் என்று நம் இளைஞர்களுக்குப் பொய்யுரைக்க நாம் விரும்பவில்லை. 1916-இல் இலண்டன் சென்ற அண்ணல், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு 1917-இல் நாடு திரும்ப நேர்ந்தது. தனியே ஏற்றி அனுப்பிய அவருடைய நூல்களும் உடைமைகளும் போரில் மூழ்கிய கப்பலோடு கடலுக்கு இரையாயின. பரோடாவில் உயர்பதவி காத்திருந்தது. தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. கொலம்பியாவில் முதுகலைப் பட்டம் பெற்றவரின் மேசைமீது பணியாட்கள் கோப்புகளை எட்ட நின்று எறிந்தனர். பார்சி விடுதியொன்றில் பெயரை மாற்றித் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கும்பல் ஒன்று வந்து வெளியேற்றிற்று. மரத்தடியில் அமர்ந்து அவர் கண்ணீர் விட்டார்.

பட்டம் சாதியை வெல்லவில்லை. ஆயினும் அவர் பட்டத்தைத் துறக்கவுமில்லை. 1918-இல் பம்பாய் சைடனம் கல்லூரியில் பேராசிரியராகி, ஊதியத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராசரின் துணையும் நண்பர் நவல் பதேனாவின் கடனும் பெற்று, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921-இல் அங்கு முதுநிலைப் பட்டமும், 1923-இல் அறிவியல் முனைவர் பட்டமும், 1927-இல் கொலம்பியாவின் முனைவர் பட்டமும் பெற்றார். 1913-இல் தொடங்கிய மேற்படிப்பு முற்றுப்பெற 14 ஆண்டுகள் ஆயின. முதல் முயற்சியில் தேர்வு தவறியவுடனும், உதவித்தொகை ஒரு திங்கள் தாழ்ந்தவுடனும் ஊருக்கு மூட்டை கட்டும் இளைஞர் இக்கணக்கை நெஞ்சில் நிறுத்துக. 1952 ஜூன் 5 அன்று கொலம்பியாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்து மதிப்புறு சட்ட முனைவர் பட்டம் வழங்கியது. அரசியலமைப்பை வரைந்த பெருந்தகையாக அவர் அம்மேடையேறினார்.

கடலுக்கு அப்பால் ஒரு தோழர்

இவ்வழியில் நடந்தவர் அவர் ஒருவரல்லர். அமெரிக்கக் கறுப்பின மக்களில் தோன்றிய டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ், ஃபிஸ்க், ஹார்வர்டு, பெர்லின் பல்கலைக்கழகங்களில் பயின்று, 1895-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். 1896-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அவரைப் பிலடெல்பியா நகரத்துக் கறுப்பின மக்களை ஆராயப் பணித்தது. ஆனால் முறையான பேராசிரியர் பதவி தரவில்லை. அம்மக்கள் நெருங்கி வாழ்ந்த ஏழாம் வட்டத்திலேயே அவர் மனைவியோடு குடியேறினார். வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி, சுமார் 2,500 குடும்பங்களை அவரே நேரிற் கண்டு கேட்டு எழுதினார். 1899-இல் வெளிவந்த அந்நூல், ஏழ்மைக்கும் குற்றத்திற்கும் காரணம் அம்மக்களின் பிறவிக் குணமன்று. அடிமை வரலாறும், வேலைக் கதவுகள் அடைக்கப்பட்டமையுமே காரணம் என நிறுவியது. அமெரிக்கச் சமூகவியலின் முதன்மையான கள ஆய்வுகளுள் ஒன்றாக இன்று போற்றப்படும் அந்நூலை, அந்நாளைய வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் பல்லாண்டுகள் பொருட்படுத்தவில்லை.

1946 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் டுபாய்சுக்கு மடல் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு விண்ணப்பம் செய்கின்றனர் என்றறிந்து, அதன் படிகளைக் கேட்டு எழுதிய மடல் அது. டுபாய்சும் அன்புடன் விடை வரைந்தார். இரு கண்டங்களில் ஒதுக்கப்பட்ட இரு மக்களின் அறிஞர்கள் ஒருவரையொருவர் இனங்கண்டுகொண்டமைக்கு அம்மடல்கள் சான்று.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில்

இந்தியாவில் சமூகவியல் துறை 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் கெடிசின் தலைமையில் தொடங்கியது. 1924-இல் ஜி. எஸ். குர்யே அதன் பொறுப்பேற்றார். 1959-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் எம். என். சீனிவாஸ் அத்துறையை நிறுவினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நேரடி விவரங்கள் திரட்டச் செய்து 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். கிராமத்தைக் கண்ணாற் கண்டு எழுதும் மரபு தமிழகத்தில் இவ்வாறு வேர்கொண்டது.

விடுதலைக்குப்பின் இம்மரபு பெரிதும் வளர்ந்தது. ஆயினும், ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்கினார் என்னும் வினாவை நாம் கேட்டாக வேண்டும். சீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பகுதியில் ஆராய்ந்த ஊரில், ஊர்த்தலைவருக்குரிய வீட்டில் தங்கினார். ஆந்திரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் எனப் புனைபெயரிட்ட ஊரை ஆராய்ந்தார், தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரி மக்களோடு தமக்கு நெருக்கம் குறைவாகவே இருந்தது என்பதை அவரே நேர்மையுடன் ஒப்புக்கொண்டுள்ளார். அவருடைய நூல் 1965-இல் வெளிவந்தது. சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கியதைத் திறம்படக் காட்டிய நூல் அது. மூன்றே ஆண்டுகளில், 1968 டிசம்பர் 25 இரவு, அதே தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களின் குடும்பத்தார், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளுமாக, 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டன. இதனால் அந்நூல் பிழைபட்டது என்று நாம் கூறவில்லை. ஆனால் அக்கிரகாரத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரியும் தஞ்சை ஒன்று. சேரியின் வாயிலிலிருந்து பார்த்தால் தெரியும் தஞ்சை மற்றொன்று. இரண்டாவது தஞ்சையை எழுத அன்று பல்கலைக்கழகங்களில் நம்மவர் போதிய அளவில் இல்லை.

இன்னொரு சான்று காண்க. மைக்கேல் மொபத் என்ற அமெரிக்க ஆய்வாளர் செங்கற்பட்டு மாவட்டத்துச் சேரி ஒன்றை ஆராய்ந்து 1979-இல் ஒரு நூல் வெளியிட்டார். தாழ்த்தப்பட்ட மக்கள் தமக்குள்ளும் மேல் கீழ் வகுத்துக்கொள்கின்றனர். ஆகவே சாதி முறைக்கு அவர்களும் உள்ளத்தால் உடன்பட்டவரே என்பது அவர் முடிவின் சாரம். நம்மிடையே உட்பிரிவும் உயர்வு தாழ்வும் உண்டா என்றால், உண்டு, வெட்கத்தோடு ஒப்புக்கொள்வோம். ஆனால் அது உடன்பாட்டின் அடையாளமா? மேலிருப்பதைப் பார்த்துக் கீழுள்ளோர் பின்பற்றுவர் என்று 63 ஆண்டுகளுக்கு முன்பே அண்ணல் விளக்கியிருந்தார். படிப்படியான சமத்துவமின்மை என்று அவர் பின்னர் பெயரிட்ட அமைப்பில், ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் மிதிக்க ஒரு படி கீழே காட்டப்படுகிறது. அதனால் எல்லாரும் ஒன்றுசேர்ந்து ஏணியை வீழ்த்த இயலாமற் போகிறது. மேலும், அதே செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரமென்கீர் 1891-இல் நம் மக்களின் நிலைபற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கை, நிலமும் மனையும் அவர்களுக்கு எவ்வாறு மறுக்கப்பட்டன என்பதை விளக்குகிறது. அதன் விளைவாகவே 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. நிலமின்றி நிற்பவர் வாய்மூடி இருப்பதை உடன்பாடு என்று கொள்வது ஆய்வாகாது. இவ்வாறு மறுத்துரைக்கச் சினம் மட்டும் போதாது. ஆவணம் வேண்டும், கோட்பாட்டுப் பயிற்சி வேண்டும்.

2002-இல் பேராசிரியர் கோபால் குரு எழுதிய கட்டுரையொன்று இக்குறையை நேராகச் சுட்டியது. இந்தியச் சமூக அறிவியலில் ஒரு சாரார் கோட்பாடு வகுப்போராகவும், மறு சாரார் விவரம் திரட்டித் தருவோராகவும் பிரிந்து நிற்பது சாதிப் பிரிவினையின் மறு உருவமே என்பது அவர் வாதம். புள்ளிவிவரம் கொணர்பவராக மட்டும் நம் மாணவர் நின்றுவிடலாகாது என்பதே அதன் படிப்பினை.

உதவித்தொகையும் ஒரு புதிய தடையும்

பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு 1944-இல் தொடங்கப்பட்டது. அந்நாளில் வைசிராய் அவையில் உறுப்பினராக இருந்தவர் அண்ணல் என்பதை நினைவுகூர்வோம். அயல்நாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை 1954-55-இல் வந்தது. முனைவர் பட்ட ஆய்வுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை 2005-06-இல் தொடங்கியது. நம் மாணவருட் பலர் இன்று ஆய்வு மேற்கொள்ள இவையே ஊன்றுகோல்.

ஆனால் 2022-இல் வெளியிடப்பட்ட அயல்நாட்டு உதவித்தொகை விதிகளில் ஒரு புதிய தடை புகுந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களுக்கு அவ்வுதவித்தொகை இல்லை என்பதே அது. அவற்றை இந்தியாவிலேயே ஆராயலாம் என்பது அரசுத் தரப்பில் கூறப்பட்ட காரணம். நாம் ஒன்று கேட்கிறோம். பரோடா மன்னர் 1913-இல் இப்படியொரு விதி எழுதியிருந்தால், இந்தியாவில் சாதிகள் என்னும் கட்டுரை கொலம்பியாவில் பிறந்திருக்குமா? தன்னை வருத்தும் நோயை எட்ட நின்று பார்க்க ஓரிடம் வேண்டும். தீண்டாமை அறியாத வகுப்பறையில் அமர்ந்தபோதுதான் அண்ணலுக்கு அந்த இடம் கிட்டியது. பொறியியலும் மருத்துவமும் பயில நம் பிள்ளைகள் கடல் கடக்கலாம், தம் சமுதாயத்தை ஆராயக் கடக்கலாகாது என்பது எவ்வகை நீதி? இவ்விதியை நீக்கக் கோருவது நம் போன்ற கல்விச் சங்கங்களின் கடமை என்று உறுப்பினர்களுக்கு எடுத்துரைக்கிறோம்.

இளைஞர்களுக்குச் சில சொற்கள்

சமூகவியல் முதுகலைக்கு இளங்கலையில் அதே பாடம் பயின்றிருக்க வேண்டும் என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் கேட்பதில்லை. தமிழ், வரலாறு, பொருளியல் பயின்றோரும் பல இடங்களில் சேரலாம். முதுகலை ஈராண்டு, பின்னர் தேசியத் தகுதித் தேர்வு, அதன்பின் முனைவர் பட்ட ஆய்வு. இடையில் இருந்த எம்.ஃபில். படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிகள் நிறுத்திவிட்டன. ஆகவே முதுகலையிலேயே ஆய்வுப் பழக்கம் பெறுதல் இன்றியமையாதது.

தமிழ்வழி பயின்றோர் முதற் பருவத்தில் ஆங்கில நூல்கண்டு மலைப்பர். அம்மலைப்பு அறிவுக் குறையன்று, பழக்கக் குறையே. நாள்தோறும் பத்துப் பக்கம் அகராதியோடு படித்து, படித்ததைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதிப் பழகினால் ஓராண்டில் அது நீங்கும். அண்ணலும் நாற்பதாண்டு நூலகத்தில் வாழ்ந்தவரே தவிர, பிறக்கும்போது நூலோடு பிறந்தவரல்லர்.

நம் தெருவை மட்டுமே ஆராய வேண்டும் என்றும் எண்ணாதீர். பிறர் நம்மை ஆராய்ந்த நூல்கள் நிரம்ப உள்ளன. நிலவுடைமை, திருமண விளம்பரம், கோயில் நிர்வாகம், தொழிற்கூடம், நீதிமன்றம் என ஆதிக்கம் குடியிருக்கும் இடங்களை ஆராய நம் கண்கள் வேண்டும். இன்றும் சாதி மாறி மணந்த இளைஞர் வெட்டுண்டு வீழும் செய்தி வரும்போதெல்லாம், அகமணமே சாதியின் உயிர் என்ற 1916-ஆம் ஆண்டுக் கூற்று மெய்ப்பிக்கப்படுகிறது. அதனை ஆராய்ந்து எழுத வேண்டிய கைகள் நம் பெண்மக்களின் கைகளும் ஆகும். சாதி வேலியின் முளைகள் பெண்ணின் உடல்மீதே அடிக்கப்பட்டன என்று அண்ணல் காட்டியிருக்க, பெண்பிள்ளைக்கு இளங்கலையே மிகுதி என்று நிறுத்திவிடும் பெற்றோர் அவ்வேலிக்குத் தாமே காவல் நிற்கின்றனர்.

இறுதியாக, ஆய்வுப் பொருள் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பாட்டனார் பெட்டியில் மடித்து வைத்த நிலப்பட்டா, தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு எழுதிய மனு, இரவுப் பள்ளியின் வருகைப் பதிவேடு, இச்சங்கம் தொடங்கிய நாளின் கையொப்பத் தாள் ஆகிய எல்லாம் வரலாற்று ஆவணங்கள். கரையான் அரிக்குமுன் அவற்றை எடுத்து வையுங்கள். முதியோரிடம் கேட்டு எழுதி, தேதியிட்டுக் காப்பாற்றுங்கள். நாளை இவ்வூரிலிருந்து முனைவர் பட்டம் ஆராயப் புறப்படும் ஒருவருக்கு அவையே முதற் செல்வமாகும்.

அதைப் படித்து என்ன செய்வாய் என்று இனி எவரேனும் கேட்டால், நம் இளைஞர்கள் தயங்காது விடை கூறலாம்: நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படிப்பேன், சரியானதை ஏற்பேன், தவறானதைச் சான்றுகாட்டித் திருத்துவேன், எழுதாது விடப்பட்டதை எழுதுவேன். அவ்விடையைக் கூறும் மகனையும் மகளையும் நம் வீடுகள் தடுக்காதிருக்கட்டும். நம் சங்கம் அவர்களுக்குத் துணை நிற்கட்டும்.